ஊரோடு ஒத்துப்போகாதவரும் ஊர்க்காரர்தான்

“பிடிக்கலன்னா ஊரை விட்டுப் போயிரணும். இங்கனயே இருந்துக்கிட்டு ஊரை மதிக்காம இருக்கப்படாது.” திருநெல்வேலிச் சீமையில் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் யாரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஊர்க்கூட்டத்தில் கேட்கலாம், டீக்கடை பெஞ்சில் கேட்கலாம், கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற இடத்தில் கேட்கலாம். சொல்கிறவர்கள் கொடுமைக்காரர்களும் இல்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு முதல் ஆளாக வரி கட்டுகிறவர்கள், பக்கத்து வீட்டில் சாவு என்றால் அடுப்பில் இருக்கிற சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறவர்கள். அவர்களுக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. யாரையும் கட்டிப் போடவில்லையே, போகிறவர் போகலாமே, இதைவிட என்ன சுதந்திரம் வேண்டும் என்று கேட்கிறார்கள்.

எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ரொம்ப நாளாகவே படவில்லை. நாட்டின் அரசியல் சட்டம் எனக்குக் கொடுத்திருக்கிற உரிமைகள் ஊர் எல்லையில் இருக்கிற பஸ் ஸ்டாப்பைத் தாண்டிய பிறகுதான் தொடங்கும் என்றால், போக முடிந்தவர்களுக்கு மட்டும்தான் உரிமை இருக்கிறது. போக முடியாதவர்களுக்கு இல்லை.

ஊரை விட்டுப் போவது எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பழகிய விஷயம். சென்னையில் பாதி மளிகைக்கடைகளில் எங்கள் பேச்சு கேட்கும், மும்பை தாராவியில் தெருத்தெருவாக நெல்லைக்காரர்கள் இருக்கிறார்கள், வளைகுடா நாடுகளில் ஆள் இல்லாத கிராமம் இங்கே குறைவு. அதனால் “போ” என்று சொல்வது எங்களுக்குக் கடுமையாகத் தெரிவதில்லை. ஆனால் பிழைக்கப் போகிறவருக்கு ஊர் அப்படியே இருக்கிறது. கொடைக்கு வரலாம், அம்மாவைப் பார்க்கலாம், கடைசியில் வந்து படுத்துக்கொள்ளலாம். ஊர் சொல்லிப் போகிறவருக்கு அது எதுவும் கிடையாது. அப்புறம், யாரால் போக முடியும் என்று பாருங்கள். படித்த பையன் போவான். அரை ஏக்கர் வயலும் இரண்டு மாடும் வைத்திருக்கிற ஐம்பது வயசு விதவை எங்கே போவாள்?

ஊரே வேண்டாம், ஊர்க் கட்டுப்பாடு என்றாலே பிற்போக்கு என்று பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி இரண்டு கரையும் தாண்டி ஓடியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது, தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை, நூற்றுக்கணக்கான பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரும் மீட்புப் படையும் வந்து சேரும்வரை அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள். அவர்கள் வீட்டிலும் வெள்ளம்தான். இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கி, இடுப்பளவு தண்ணீரில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எந்தச் சட்டமும் அவர்களை அதற்குக் கட்டாயப்படுத்தவில்லை. அன்றைக்கு அந்த ரயிலில் இருந்தவர்களை எந்த உரிமையும் காப்பாற்றவில்லை, ஊர்தான் காப்பாற்றியது. இதைத் தெரிந்துகொண்டுதான் நான் பேசுகிறேன்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். எங்கள் வயல்கள் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். மடை முறை வைத்துத்தான் தண்ணீர் பாயும். “என் வயல், என் இஷ்டம்” என்று ஒருவர் ராத்திரியில் மடையைத் திறந்துவிட்டால் கடைமடைக்காரர் வயல் காயும். அங்கே ஊர் கண்டிப்பாக இருக்கத்தான் வேண்டும். அபராதம் போட்டாலும் தப்பில்லை. ஒருவர் செய்வது இன்னொருவர் வயிற்றில் நேராக விழுகிற இடம் அது.

ஆனால் அதே ஊர், அதே கூட்டம், அதே நோட்டு, ஒரு பெண் யாரைக் கட்டிக்கொண்டாள் என்பதையும் மடைத் தண்ணீர் மாதிரியே விசாரிக்கும்போதுதான் பிரச்சினை வருகிறது. யார் வயல் காய்ந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. “ஊர் மானம்” என்பார்கள்.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேரன்மகாதேவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊரில் அம்மன் கோயில் கொடைக்கு வரி எழுதுகிற நீள நோட்டு, சிவப்புத் துணி அட்டை, மூலை எல்லாம் மஞ்சள் ஒட்டியிருக்கும். அதில் எழுதியிருப்பது தலைக்கட்டு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவர் பெயருக்கு நேரே தொகை. மனைவி பெயர் இருக்காது, மகள் பெயர் இருக்காது, கல்யாணமாகாத மகன் பெயரும் இருக்காது. புருஷன் இறந்துபோனால் அந்தப் பெயரை அடித்துவிட்டு ஓரத்தில் “அரை” என்று எழுதுவார்கள், அதாவது பாதி வரி. விதவைக்குச் சலுகைதான் அது, நல்லெண்ணத்தில் வைத்த ஏற்பாடுதான். ஆனால் பாதி வரிக்காரருக்குக் கூட்டத்தில் பேச இடம் இல்லை. ஊர் ஆளை எண்ணுவதில்லை, தலைக்கட்டைத்தான் எண்ணுகிறது. ஆளுக்கென்று ஒரு மனசு இருக்கும் என்பதற்கு அந்த நோட்டில் வரியே கிடையாது.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் வரைவுச் சட்டத்தை முன்வைத்துப் பேசியபோது, கிராமங்களை வைத்து அரசைக் கட்ட வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கடுமையாகவே பதில் சொன்னார். கிராமம் என்பது குறுகிய மனசும் அறியாமையும் வகுப்புவெறியும் குடியிருக்கிற இடம் என்றார். கிராமத்தைக் கைவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் தனக்கு மகிழ்ச்சி என்றும் சொன்னார். முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, என் ஊரைத் திட்டுகிற மாதிரி இருந்தது. பிறகு அந்தச் சிவப்பு நோட்டை நினைத்துப் பார்த்தேன். அவர் சொன்ன அலகு அதில் இல்லை. நாடு ஆளை எண்ணுகிறது, ஊர் வீட்டை எண்ணுகிறது, நாம் ஒரே நேரத்தில் இரண்டிலும் குடியிருக்கிறோம்.

எங்கள் எதிர்வீட்டு அத்தைக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருஷம் முன்னால் நடந்தது. சொந்த அத்தை இல்லை, முறைக்கு அத்தை. புருஷன் இல்லை. தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைத்து ஒரே மகளை நர்ஸிங் படிக்க வைத்தாள். அந்தப் பிள்ளை கூட வேலை பார்த்த வேறு சாதிப் பையனைச் சார்பதிவாளர் ஆபீசில் பதிவு செய்து கல்யாணம் பண்ணிக்கொண்டது. அத்தை அழுதாள், திட்டினாள், ஒரு வாரம் யார் முகத்திலும் முழிக்கவில்லை. ஊர்க்கூட்டம் போட்டு, அந்தப் பிள்ளையை வீட்டில் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் வீட்டையே விலக்கி வைப்போம் என்று சொன்னார்கள். அத்தை தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் மகளுக்கு ஒன்பதாம் மாதம். அத்தை ஒரு ஆட்டோவில் போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பகலில், எல்லாரும் பார்க்க, ஊர் நடுவே.

அன்று சாயங்காலமே சாவடியில் கூட்டம். பெண்கள் உள்ளே போகும் வழக்கம் இல்லை, நாங்கள் சுவர் ஓரமாக நின்று கேட்டோம். ஊர்த்தலைவர் பேசி முடித்ததும் அத்தை வெளியே நின்றபடியே சத்தமாகக் கேட்டாள்: “தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வராம பொம்பளப்பிள்ளை வேற எங்க போவா? நீங்கல்லாம் ஒங்க மகள எங்க வச்சுப் பாத்தியோ?” ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊர் சொல்லிக்கொடுத்த முறைதான். அவள் புதிதாக ஒன்றையும் கண்டுபிடித்துக் கேட்கவில்லை, தனிமனித உரிமை என்று ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் ஒழுக்கத்தின் ஒரு பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு பாதியை எதிர்த்தாள்.

பொது ஒழுக்கம் என்று ஒன்றை நாம் பேசும்போது அது ஒரே கட்டாக, ஒரே குரலாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி எந்த ஊரிலும் இருந்ததில்லை. அதற்குள்ளேயே இரக்கமும் இருக்கிறது, வைராக்கியமும் இருக்கிறது, கூட்டத்தில் யார் சத்தமாகப் பேசுகிறார்களோ அவர்கள் எடுத்துக்கொள்கிற பாதிக்கு ஊர் வழக்கம் என்று பெயர் வந்துவிடுகிறது.

விலக்கி வைத்தார்கள். அன்னம் தண்ணீர் புழங்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது, பேசினால் 5,000 ரூபாய் அபராதம் என்று மைக்செட்டில் சொன்னார்கள். ஊர் விலக்கு என்பதை வெளியூரில் இருப்பவர்கள் சும்மா பேசாமல் இருப்பது என்று நினைக்கலாம். மறுநாள் காலையில் பால்காரர் வரவில்லை. தைக்கக் கொடுத்த துணிகளை ஒவ்வொருவராக ஆள் விட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், பாதி தைத்திருந்ததையும் கூட. ஆட்டோக்காரர்கள் இரண்டு பேரும் வர மாட்டேன் என்றார்கள். கடையில் அத்தை போய் நின்றால் கடைக்காரர் உள்ளே போய்விடுவார், அவள் போகிறவரை வெளியே வரமாட்டார். அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்குள்ளே நிறைமாசப் பிள்ளை.

அந்தப் பாலைக் கொண்டுவந்து கொடுத்தவர் என் பெரியப்பா. எழுபதைத் தாண்டியவர், பழைய ஆள், சாதி விஷயத்தில் முற்போக்கு என்று அவரைச் சொல்லவே முடியாது. தன் வீட்டு மாட்டில் கறந்த பாலைத் தூக்குவாளியில் ஊற்றி சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு தினமும் காலையில் சாவடி முன்னால் வழியாகவே போய் அத்தை வீட்டில் கொடுத்தார். பின்வாசல் வழியாகக் கொடுக்கச் சொல்லி என் பெரியம்மாவே கெஞ்சினாள், கேட்கவில்லை. அபராதம் கேட்டு வந்தவர்களிடம் அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “எனக்கும் அந்தக் கலியாணம் பிடிக்கலதான். அதுக்காவ வாயும் வயிறுமா இருக்கவளுக்குப் பால் குடுக்காத, அப்படின்னு சொல்லுதியளா? எங்க, அத எழுதிக் குடுங்க பாப்போம்.” எழுதிக் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. பத்து பதினைந்து நாளில் இன்னும் இரண்டு வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று பேச ஆரம்பித்தார்கள்.

சுதந்திரமான ஒரு சமூகம் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பெரியப்பாவின் அந்த முதல் வாக்கியம்தான். அவர் தன்னுடைய கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அந்தக் கல்யாணத்தை நல்லது என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தனக்குப் பிடிக்காததைச் செய்த பெண்ணும் இதே தெருவில் பாலும் தண்ணீரும் கிடைத்து வாழ வேண்டும் என்பது அவருடைய ஒழுக்கத்துக்குள்ளேயே இருந்தது. எல்லாரும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒரு ஊர் வரவே வராது. பிடிக்கவில்லை என்று சொல்ல ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு, வீட்டுக்கு வராதே என்று சொல்லக்கூட உரிமை உண்டு. ஊரையே கூட்டி, பேசுகிறவனுக்கெல்லாம் அபராதம் போட்டு, ஒரு வீட்டின் அடுப்பை அணைக்கப் பார்ப்பது அதில் சேராது. அங்கே ஒழுக்கம் என்று ஒன்றும் மிச்சமில்லை, பயம்தான் இருக்கிறது. அபராதத்துக்குப் பயந்து பால் ஊற்றாத பால்காரர் எந்த ஒழுக்கத்தைக் காப்பாற்றினார்?

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். அத்தை போலீசுக்குப் போனாள். “ஊர்ப் பிரச்சினை, பேசி முடிச்சுக்கோங்கம்மா” என்று அனுப்பினார்கள். அந்த அதிகாரிக்கும் சிக்கல்தான். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ மற்றவர்கள் சமூகப் புறக்கணிப்பு செய்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நேரடியாகவே குற்றம், 2015 திருத்தம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் ஒரு சாதிக்காரர்கள் தங்கள் சாதிக்குள்ளேயே ஒரு வீட்டை விலக்கி வைத்தால் தமிழ்நாட்டில் அதற்கென்று தனிச்சட்டம் இல்லை. மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. 2016-இல் சட்டமன்றத்தில் நிறைவேறி 2017-இல் நடைமுறைக்கு வந்தது. சமூகப் புறக்கணிப்பு செய்தால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 2011-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. 2018-இல் சக்தி வாகினி வழக்கில், வயது வந்த இரண்டு பேர் கல்யாணம் பண்ணிக்கொள்வதற்குக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்றது, மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்றது. எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. மைக்செட்டில் அறிவிக்கிற அன்றைக்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், அதற்குத் தனிச்சட்டம் வேண்டும்.

இது புதிய கேள்வியும் இல்லை. பம்பாய் மாகாணத்தில் 1949-லேயே, ஒருவரைச் சமூகத்தை விட்டு விலக்குவதையே தடை செய்து சட்டம் கொண்டுவந்தார்கள். முஸ்லிம்களில் ஒரு பிரிவான தாவூதி போரா சமூகத்தின் தலைவர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1962-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. மதக் காரணத்துக்காக ஒருவரை விலக்குவது அந்தச் சமயப் பிரிவு தன் மத விவகாரங்களை நடத்திக்கொள்ளும் உரிமையில் சேரும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். தலைமை நீதிபதி பி.பி.சின்ஹா ஒருவர் மட்டும் மாறுபட்டார், விலக்கப்பட்டவரின் பக்கமிருந்து பார்த்து அந்தச் சட்டம் செல்லும் என்றார். அறுபது வருஷம் கழித்து, 2023-இல், அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கூட்டத்துக்கு உரிமை உண்டா, கூட்டத்துக்குள் இருக்கிற ஆளுக்கு உரிமை உண்டா, இரண்டும் மோதினால் எது நிற்கும்? என் மனசு சின்ஹா பக்கம்தான். கூட்டத்துக்குப் பணம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, மைக்செட் இருக்கிறது. தனி ஆளிடம் அந்த உரிமை ஒன்றுதான் இருக்கிறது.

சரி, தனிமனித உரிமை என்று யார் கேட்டாலும் அவர் பக்கம் நிற்பேனா? மாட்டேன். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. 1920-களில் வ.வே.சு. ஐயர் சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்தினார். தேசபக்தர், பெரிய படிப்பாளி. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 கொடுத்தும் இருந்தது, பொதுமக்களும் பணம் கொடுத்தார்கள். அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு என்று வெளியே தெரிந்ததும் அப்போது காங்கிரஸில் இருந்த பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கேள்வி கேட்டார்கள், காந்தி வரை விஷயம் போனது. ஐயர் தரப்பில் சொன்ன நியாயம், பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள் என்பது. இன்றைய பேச்சில் சொன்னால் பெற்றோரின் உரிமை, அவர்களின் மனசாட்சி. அப்போது பொது ஒழுக்கத்தின் பெயரால் பேசியவர்கள் எதிர்ப் பக்கம் இருந்தார்கள்: பொதுப் பணத்தில் நடக்கிற இடத்தில் எல்லாப் பிள்ளையும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி. தன் வீட்டில் யாரோடு சாப்பிடுவது என்பது அவரவர் விஷயம், பொது இடத்தில் இன்னொரு பிள்ளை தீட்டு என்று காட்டுகிற மாதிரி தனி இலை கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை. உரிமை கேட்கிறவர் அதற்கான விலையைத் தானே கொடுக்கிறாரா, இன்னொருவர் தலையில் வைக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அத்தை தன் விலையைத் தானே கொடுத்தாள். அந்தப் பெற்றோர் கேட்ட தனி இலைக்கு மற்றப் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள். (ஐயரை இந்த ஒரு விஷயத்தை வைத்து எடை போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. 1925 ஜூனில் பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்த அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டவர் அவர்.)

ஊர் வழக்கம் மாறாதது என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் தெற்கே பார்க்கலாம். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேல்சீலை போட்டதற்காக உயர்சாதிக்காரர்கள் அதைத் தெருவில் கிழித்தெறிந்தார்கள். அன்றைக்கு அதுதான் வழக்கம், அதுதான் ஒழுங்கு. பல வருஷச் சண்டைக்குப் பிறகு 1859 ஜூலையில், போடலாம் என்று மகாராஜா அறிவிப்பு கொடுத்தார், அதிலும் உயர்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது என்று ஒரு கட்டு இருந்தது. இன்றைக்கு அந்த வழக்கத்துக்காகப் பேச ஒரு ஆள் கிடைப்பாரா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரையார் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகாத குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. அங்கே பட்டவராயன் சன்னதியில் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பட்டவராயன் என்கிற முத்துப்பட்டன் பிராமணப் பிள்ளை. அருந்ததியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, அவர்கள் அப்பா வாலப்பகடை சொன்னபடி குடுமியையும் பூணூலையும் அறுத்துப் போட்டு, செருப்புத் தைக்கப் பழகினவர். அண்ணன்மார் தடுத்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. மாமனார் வீட்டு மாட்டைக் கொள்ளைக்காரர்களிடமிருந்து காக்கப் போய்ச் செத்தார். வில்லுப்பாட்டில் அந்தக் கதை வரும்போது ஆண்கள் பெண்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். சாமி வந்து ஆடுவார்கள். அவருக்குச் செருப்பு வாங்கிக் கட்டுவார்கள். அந்தக் கதையில் அழுகிற அதே மனசு எங்கள் ஆட்களிடம் இருக்கிறது, வெளியிலிருந்து யாரும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. செத்த முத்துப்பட்டனுக்குக் கொடுக்கிற மரியாதையை உயிரோடு இருக்கிற முத்துப்பட்டனுக்கும் பொம்மக்காவுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஏனென்றால் கொடுக்காமல் போனால் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூடப் படிக்கிற பட்டியல் சாதி மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதி அடையாளமாகக் கட்டுகிற கலர் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. அந்தக் கயிற்றைப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் 27 வயசு மென்பொருள் பொறியாளர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். வேறு சாதிப் பெண்ணோடு பழகினார் என்பதுதான் காரணம் என்கிறது வழக்கு. சென்னையில் நல்ல வேலையில் இருந்தவர். “பிடிக்கலன்னா ஊரை விட்டுப் போ” என்று சொல்கிறோமே, அந்தப் பையன் போனவன்தான். சொந்தக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்கு வந்த இடத்தில் கொன்றார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட அன்றைக்கு ராத்திரி எங்கள் தெருவில் வெளியூரில் பிள்ளைகள் இருக்கிற அம்மாக்கள் எல்லாரும் போனும் கையுமாக இருந்தார்கள்.

அந்தக் கொலைக்குப் பிறகு, ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. எந்தச் சட்டம் வந்தாலும் அது கொலையோடு நின்றுவிடக் கூடாது என்பது என் கருத்து. கொலை கடைசியில் வருவது. அதற்கு முன்னால் கூட்டம் போடுகிறார்கள், நோட்டில் பெயரை அடிக்கிறார்கள், பாலை நிறுத்துகிறார்கள். ஒரு வீட்டைத் தனியாக்கி, யாரும் பேசாத இடத்தில் நிறுத்திய பிறகு அந்த வீட்டுக்கு என்ன நடந்தாலும் கேட்க ஆள் இருக்காது. ஊர் விலக்கைக் குற்றம் என்று சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும், அறிவிப்பு செய்தவர், அபராதம் வாங்கியவர் இரண்டு பேரையும் சேர்த்து.

எதிர்வீட்டு அத்தை இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அடுத்த கொடைக்கு முன்னால் அபராதம் கட்டி, கூட்டத்தில் விழுந்து கும்பிட்டால் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஆள் அனுப்பினார்கள். மாட்டேன் என்றாள். “வரி தாரேன், என் பேர்ல எழுதிக்கிடுங்க. கும்பிட மாட்டேன்.” நோட்டில் அவள் பெயர் இன்னும் ஏறவில்லை. ஆனால் துணி வருகிறது. பேத்தி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறது, லீவுக்கு அப்பா வந்தால் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், சிலர் பேசுகிறார்கள், சிலர் பேசுவதில்லை. எனக்கு அதுவே போதும் என்று தோன்றுகிறது. பேசாதவர்கள் பேசாமல் இருக்கட்டும்.

இதைப் படிக்கிற யாருடைய ஊரிலாவது இப்போது ஒரு வீடு விலக்கி வைக்கப்பட்டிருந்தால், முதலில் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள், முன்வாசல் வழியாக. அப்புறம் புகாரை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்; மைக்கில் அறிவித்த தேதி, அபராதத் தொகை, கேட்டவர்கள் இரண்டு பேர் பெயர் மூன்றும் அதில் இருக்க வேண்டும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் கொடுக்கிற சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வரக் கூடாது. ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி. ஆபீசுக்குத் தபாலில் அனுப்பலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே வக்கீல் வைத்துக் கொடுக்கும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். அத்தைக்கு இது எதுவும் அன்றைக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இப்போது அவள் தையல் மிஷினுக்கு மேலே சுவரில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள், ஜாக்கெட் தைக்க வருகிற பெண்கள் போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.